ஒரே ரக எஞ்சின், ஒத்துவராத படங்கள்: சிறு தொழில் நீராவி எஞ்சின்களும் அவற்றின் மாதிரிகளும்

கேள்வி சுருக்கமாக இது. கேர் ஸ்டூவர்ட் கம்பனியின் 'ரென்' ரக நீராவி எஞ்சினுக்கு 1:76 அளவில் 3டி பிரிண்ட் செய்த உடல் ஒன்று கையில் இருக்கிறது. ஒப்பிட எடுத்த படங்களில் இரண்டுகூட ஒன்றுபோல் இல்லை. எது சரி? அதை இலங்கையின் களனிவெளிக் குறுகிய ரயில் பாதையிலிருந்து பிரியும் கற்பனைக் கிளைப்பாதை ஒன்றில் ஓடவிடலாமா? கொழும்பில் இருந்துகொண்டு மின்சாரத்தில் ஓட்டுவதா, உண்மையான நீராவியிலேயே ஓட்டுவதா?

முதலாவதற்கு நேரடிப் பதில்: எல்லாப் படங்களும் சரி. பிழை, "ரென் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வடிவத்தைத் தேடுவதில் இருக்கிறது. பெரிய ரயில்வேக்கள் ஒரு ரகத்தில் முப்பது எஞ்சின் கட்டினால் அந்த முப்பதும் ஒரே பணிமனைக்குத்தான் பழுதுபார்க்கப் போகும், ஒரே வரைபடத்தில்தான் திருத்தப்படும். கல்லுடைப்பு, சீனி ஆலை, செங்கல் சூளை, துறைமுக ஒப்பந்தம் என்று வேலைக்குப் போன சிறு எஞ்சினின் கதை வேறு. தயாரிப்பாளர் கொதிகலன், சட்டம் (எஞ்சினைத் தாங்கும் நீண்ட இரும்புத் தகடுகள்), சிலிண்டர் ஆகியவற்றை நிலையான வார்ப்பில் வைத்திருப்பார். பாதை அகலம் என்ன, விறகா கரியா, கூரை வேண்டுமா, வண்டிகளின் கொக்கி எந்த உயரத்தில் என்பதெல்லாம் வாங்குபவர் சொன்னபடி. ஒப்பந்தம் முடிந்ததும் எஞ்சின் கைமாறும். புதிய முதலாளியின் கொல்லர் தன் பங்குக்கு வெட்டி ஒட்டுவார். ஆகவே மாதிரி செய்பவர் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாது. ஒரு எஞ்சின், ஒரு வருடம், முடிந்தால் ஒரே நாளில் எடுத்த இருபக்கப் படங்கள் என்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூன்று படங்களிலிருந்து பிடித்ததையெல்லாம் எடுத்து ஒட்டினால், எந்தக் காலத்திலும் எங்கும் ஓடாத ஒரு எஞ்சின்தான் மேசையில் நிற்கும்.

உங்கள் ரென்னையே எடுங்கள். 0-4-0 சக்கர அமைப்பு (முன்னால், நடுவே, பின்னால் உள்ள சக்கரங்களின் எண்ணிக்கை; இழுப்பவை நடுவில் உள்ளவை), கொதிகலன் முதுகில் சேணம்போல் கவிழ்ந்த தண்ணீர்த் தாங்கி, 6 அங்குலத்துக்கு 9 அங்குல சிலிண்டர், 20 அங்குலச் சக்கரம். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்தில் 160க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஆரம்பத்தில் வந்தவற்றில் ஸ்டீவன்சன் வால்வ் கியர், அதாவது சிலிண்டருக்குள் நீராவி போகும் நேரத்தை ஆளும் தடித்தொகுதி, சட்டங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தடிகள் மட்டுமே தெரியும். பிறகு வந்தவற்றில் ஹக்வர்த் வால்வ் கியர் சக்கரத்துக்கு வெளியே வந்துவிட்டது. அதாவது கிராங்கின் (சக்கரத்தோடு சுற்றும் கையின்) நுனியிலிருந்து ஒரு தடி மேலே ஏறி, சாய்ந்த நேர்கோட்டு வழிகாட்டி ஒன்றில் வழுக்கும். முன்னோக்கிப் போவதா பின்னோக்கிப் போவதா என்பது அந்தச் சாய்வைத் திருப்புவதில் இருக்கிறது. உங்கள் பிரிண்டில் வெளியே வால்வ் கியருக்கான தாங்கிக் கட்டை இருந்தால் அது பிந்தியது. அதற்குப் பழைய ரென்னின் படத்தை வைத்துக்கொண்டு விவரம் சேர்க்கக் கூடாது. 1930இல் கேர் ஸ்டூவர்ட் மூடப்பட்டபின் வரைபடங்கள் லீட்ஸ் நகர ஹன்ஸ்லெட் கம்பனியிடம் போயின. அவர்களும் பிறகு சிலவற்றைக் கட்டினார்கள். எனவே பெயர்த்தகட்டில் ஹன்ஸ்லெட் என்று இருக்கும் ரென்னும் உண்டு.

ஹக்வர்த் கியரை வெளியே கொண்டுவந்ததற்குக் காரணம் அழகல்ல. சட்டங்களுக்கு நடுவே படுத்து எண்ணெய் விட ஆள் கிடைக்காத இடங்களுக்கு இந்த எஞ்சின்கள் போயின. வெளியே இருந்தால் நின்றபடி எண்ணெய் விடலாம், தேய்ந்த பின்னை மாற்றலாம். அதற்குக் கொடுத்த விலை, வில்லில் எஞ்சின் மேலும் கீழும் ஆடும்போது வால்வின் நேரமும் சேர்ந்து ஆடுவது. மணிக்கு எட்டுப் பத்து மைலில் ஓடும் எஞ்சினுக்கு அது பெரிய நட்டமல்ல.

சட்டத்தின் இடம் அடுத்து. 610 மி.மீ. பாதையில் சக்கரங்களுக்கு உட்பக்கம் சட்டம் வைத்தால், அதற்கும் நடுவே நெருப்புப்பெட்டிக்குக் கிடைக்கும் அகலம் அரை மீற்றர்கூட வராது. நல்ல கரி என்றால் சமாளிக்கலாம். விறகும் கரும்புச் சக்கையும் எரிப்பவருக்கு அது போதாது. சட்டத்தைச் சக்கரத்துக்கு வெளியே தள்ளினால் பெட்டி அகலமாகும், வில்களும் அகன்று நிற்பதால் எஞ்சின் குறைவாக உருளும். ஆனால் அச்சு சட்டத்தைத் தாண்டி வந்து தனிக் கிராங்க் பூட்ட வேண்டும். மாதிரியில் இதுதான் முதல் பிரிவினை: உட்சட்ட எஞ்சினுக்கு கடையில் வாங்கும் சிறு சேசிஸ் (மோட்டரும் சக்கரமும் பூட்டிய அடிப்பாகம்) பெரும்பாலும் அப்படியே அடியில் பொருந்தும். வெளிச்சட்டத்துக்கு நீண்ட அச்சும் வழுக்காத கிராங்குகளும் வேண்டும், நான்கும் சரியான கோணத்தில். முதல் எஞ்சின் கட்டுபவருக்கு நான் வெளிச்சட்டத்தைச் சொல்லமாட்டேன்.

ஸ்டாஃபோர்ட் நகர பேக்னல் கம்பனி இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அவர்களுடைய சிறு எஞ்சின்கள் பலவற்றில் நெருப்புப்பெட்டி தனிப் பெட்டியே அல்ல. கொதிகலன் உருளைக்குள் இருக்கும் இன்னொரு உருளை, கப்பல் கொதிகலன் பாணி. தட்டையான தகடுகளைத் தாங்கும் நூற்றுக்கணக்கான ஆணிகள் தேவையில்லை, மலிவு. சாம்பல் தங்க இடம் குறைவு என்பதுதான் குறை. படத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்சக்கரத்துக்கு மேலே பெட்டி கீழிறங்காமல் கொதிகலன் நேராகச் சாரதிக் கூண்டுவரை போகும். அடியில் வெளிச்சம் தெரியும். மாதிரிகளில் அதிகம் தவறுவது இங்கேதான். சேசிஸின் மோட்டரை மறைக்க அந்த வெளிச்சத்தை அடைத்துவிடுகிறார்கள், எஞ்சினின் முகமே மாறிவிடுகிறது.

தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. பிரிட்டிஷ்காரருக்குச் சேணத் தாங்கி. கட்டுவது எளிது, சக்கரங்கள்மேல் பாரம் நேராக விழும், பக்கங்கள் திறந்திருக்கும். ஆனால் பாரம் உயரே போகிறது. தண்ணீர் கொதிகலன்மேலேயே உட்கார்ந்து சூடேறுகிறது என்பது அதைவிட மோசம். கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர் நீராவியைக் குளிரவைத்து வேலை செய்வது, ஊட்டும் தண்ணீர் சூடானால் பிடிக்காமல் கக்கிவிடும். வெப்பநாடுகளில் நின்று நின்று வேலை செய்யும் எஞ்சினுக்கு இது உண்மையான தொல்லை. ஜெர்மன் கம்பனிகள், முக்கியமாக ஓரென்ஸ்டைன் கொப்பல், தாங்கியைச் சட்டங்களுக்கு நடுவே கீழே வைப்பதை விரும்பின. பாரம் தாழ்வாகும், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். நடுவிடம் போய்விட்டதால் வால்வ் கியர் வெளியே வந்தே ஆக வேண்டும். அதனால்தான் ஜெர்மன் சிறு எஞ்சின் என்றவுடன் மெலிந்த வெறும் கொதிகலனும் பக்கத்தில் ஆடும் தடிக் கூட்டமும் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கம்பனி கட்டிய நீராவி எஞ்சின்களின் எண்ணிக்கை 14,000ஐத் தாண்டும். குதிரைவலுவைச் சொன்னால் போதும், பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவு பொதுப்படையான பட்டியலிலிருந்து வந்தும், கூரையும் புகைபோக்கியும் ஆலைக்கு ஆலை மாறின.

பக்கத் தாங்கி நடுவழி. முதலாம் உலகப் போருக்கு அமெரிக்காவின் பால்ட்வின் கம்பனி 1916–17இல் 495 எஞ்சின்களை 600 மி.மீ. போர்முனைப் பாதைகளுக்காகக் கட்டியது. 4-6-0 அமைப்பு, உயரமான பக்கத் தாங்கிகள். அவை எளிதில் கவிழ்ந்தன என்ற கெட்டபெயர் இன்றுவரை நிற்கிறது. போருக்குப்பின் அவற்றில் பல இந்தியச் சீனி ஆலைகளுக்குப் போயின.

கூரை, புகைபோக்கி, மோதுகட்டை (முன்னும் பின்னும் உள்ள குறுக்குக் கட்டை) மூன்றும் சிறு விஷயம்போல் தோன்றும், ஆனால் எஞ்சினின் ஊரைச் சொல்பவை அவைதான். வேல்ஸ் நாட்டு டினோர்விக் கற்பலகைக் கல்லுடைப்பில் ஓடிய ஹன்ஸ்லெட் எஞ்சின்கள் பல கூரையே இல்லாமல் ஓடின. இன்று சுற்றுலாப் பாதைகளில் அவற்றையே கூரையோடு பார்க்கிறோம். கூரை பிறகு வந்தது. கென்ட் மாவட்டத்தில் பவுவாட்டர் காகித ஆலையின் எஞ்சின்களுக்குத் தீப்பொறி தடுக்கும் தடித்த புகைபோக்கிகள், ஏனென்றால் பக்கத்தில் காகிதக் குவியல். அங்கேயே 'யுனிக்' என்ற பெயரில் நெருப்பே இல்லாத எஞ்சின் ஒன்றும் இருந்தது. ஆலையின் கொதிகலனிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு தீரும்வரை ஓடும். 1924இல் பேக்னல் கட்டியது. புகைபோக்கி இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை, உருளையும் சக்கரமும் மட்டும். மாதிரி செய்ய இதைவிடச் சுலபமான நீராவி எஞ்சின் இல்லை என்பது என் எண்ணம், ஆனால் யாரும் தொடுவதில்லை.

ஒரே எஞ்சின் எவ்வளவு மாறலாம் என்பதற்கு 'லிண்டா', 'பிளான்ச்' என்ற இரண்டையும் பாருங்கள். 1893இல் ஹன்ஸ்லெட் பென்ரின் கல்லுடைப்புக்காகக் கட்டிய 0-4-0 எஞ்சின்கள். 1960களில் ஃபெஸ்டினியோக் ரயில்வேக்குப் போனபின் டெண்டர் (பின்னால் கோத்த எரிபொருள் வண்டி) கிடைத்தது, முன்னால் இன்னொரு சோடிச் சக்கரம் வந்து 2-4-0 ஆயின. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டு வெவ்வேறு எஞ்சின்களின் படங்கள் கலந்து வரும்.

நெட்டுக் கொதிகலன் வைத்த டி வின்டன், பற்சக்கரத்தில் ஓடிய ஷே, சென்டினல் போன்றவை தனிக் குடும்பங்கள், இங்கே விடுகிறேன். களனிவெளிப் பாதையில் சென்டினல் நீராவி ரயில்பெட்டிகள் ஓடின என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். கிளைப்பாதையில் ஒன்றை நிறுத்தினால் எவரும் குறை சொல்ல முடியாது.

இனி அளவு. களனிவெளிப் பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 762 மி.மீ., அதாவது இரண்டரை அடி அகலத்தில் போடப்பட்டு, 1990களில் மற்றப் பாதைகளைப்போல 1676 மி.மீ. ஆக மாற்றப்பட்டது. 762ஐ அளவுவிகிதத்தால் பிரித்துப் பாருங்கள். 1:76 அளவில் 10 மி.மீ. வருகிறது, ஆனால் 009 என்று விற்கும் தண்டவாளம் 9 மி.மீ. ரென் போன்ற 610 மி.மீ. எஞ்சினுக்கு 8 மி.மீ. வேண்டும். அதாவது 009இல் ரென் ஒரு மி.மீ. அகலமான பாதையில் நிற்கிறது, களனிவெளி ஒரு மி.மீ. குறுகிய பாதையில் நிற்கிறது. கண்ணுக்கு இரண்டும் பரவாயில்லை. அதையே 1:87 அளவில் கணக்குப் பார்த்தால் 8.75 மி.மீ., அதே 9 மி.மீ. தண்டவாளத்துக்குக் கிட்டத்தட்ட அச்சொட்டு. களனிவெளிதான் முக்கியம் என்றால் 1:87, கையில் இருக்கும் உடல்தான் முக்கியம் என்றால் 1:76. இரண்டையும் ஒரே தளத்தில் கலக்காதீர்கள். எஞ்சினில் தெரியாத வித்தியாசம் பக்கத்தில் நிற்கும் மனிதரில் தெரியும்.

பெரிய அளவில் தோட்ட ரயிலாகச் செய்ய நினைத்தால், பலரும் 'எஸ்.எம்.32' என்ற முறைக்குப் போவார்கள்: அடிக்கு 16 மி.மீ., 1:19, பாதை 32 மி.மீ. அது 610 மி.மீ. பாதைக்குச் சரியாக வரும். 762க்கு அந்த அளவில் 40 மி.மீ. பாதை வேண்டும், அது கடையில் கிடையாது. ஆனால் 1:24 அளவுக்குப் போங்கள்: 762 மி.மீ. 31.75 ஆகிறது, அதே 32 மி.மீ. தண்டவாளம். எஸ்.எம்.32 எஞ்சின்களின் 26 மி.மீ. சக்கரம் 1:24இல் 25 அங்குலமாக வாசிக்கும். இரண்டரை அடிப் பாதையின் தொழில் எஞ்சினுக்கு அது இயல்பான அளவு. ஆக ஆயத்த சேசிஸ் ஒன்றை வாங்கி, மேலே 1:24இல் உடல் கட்டினால் களனிவெளிக்கு ஏற்ற எஞ்சின் கிடைத்துவிடும். 1:24இல் கார் மாதிரிகளும் நிறையக் கிடைக்கின்றன, லொறி ஒன்றை நிறுத்தத் திண்டாட வேண்டாம். என் தெரிவு இதுதான்.

கற்பனைக் கிளைப்பாதைக்கு என்ன எஞ்சின் பொருந்தும் என்றால், 762 மி.மீ. பாதையில் உண்மையாகவே ஓடியவற்றிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன பவுவாட்டர் ஆலையும் அதே இரண்டரை அடிப் பாதைதான். அங்கே ஓடிய கேர் ஸ்டூவர்ட்டின் 'பிரேசில்' ரக 0-4-2 சேணத் தாங்கி எஞ்சின், காரீய (கிராஃபைட்) சுரங்கத்துக்கோ இறப்பர் தொழிற்சாலைக்கோ போகும் கிளையில் ஓடியதாக வைத்துக்கொண்டால் கண்ணை உறுத்தாது. பின்னால் இருக்கும் சோடிச் சக்கரம் கரிப்பெட்டியின் பாரத்தைத் தாங்கும், 0-4-0 போலத் தலையாட்டாது. மாதிரியிலும் அதுதான் நன்றாக ஓடும். ரென்னை 762க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அச்சுகளை நீட்டி, சிலிண்டர்களைத் தள்ளி, மோதுகட்டையை அகலமாக்கினால் போதும். தயாரிப்பாளரும் அதைத்தான் செய்திருப்பார். வண்டிகளுக்கும் கொக்கி உயரத்துக்கும் கடுகண்ணாவை புகையிரத அருங்காட்சியகத்தில் நிற்கும் குறுகிய பாதை வண்டிகளை அளவுநாடாவோடு போய்ப் பாருங்கள்.

மின்சாரத்தில் ஓட்டுவதென்றால் முதலில் கியர் கணக்கு. 20 அங்குலச் சக்கரம் மணிக்கு 10 மைலில் நிமிடத்துக்குச் சுமார் 168 தடவை சுற்றும். மாதிரியின் அளவு எதுவானாலும் இந்த எண் மாறாது, சக்கரமும் வேகமும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால். சிறிய கோர்லெஸ் மோட்டர் (சுழலும் பாகத்தில் இரும்பு மையம் இல்லாதது) ஒன்று நிமிடத்துக்கு 20,000 சுற்று ஓடினால், 1:120க்குக் கிட்டிய கியர் வேண்டும். பெரும்பாலும் பூட்டி வருவது 1:40. அதில் முழு வேகம் மணிக்கு 30 மைலாக வாசிக்கும், மெதுவாக்கினால் இழுத்து இழுத்து ஓடும். குறைந்த வோல்ற்றில் ஓட்டுவது மருந்தல்ல, முறுக்குவிசையும் சேர்ந்து குறைந்துவிடும். புழுக்கியருக்கு (மோட்டர் அச்சிலிருக்கும் திருகுப் பற்சக்கரம்) பின்னால் இன்னொரு சோடிப் பற்சக்கரம் சேர்ப்பதுதான் வழி. கியர் பெட்டி பொருத்திய சிறு மோட்டர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்னணுக் கடைகளில் கிடைக்கும், 1:24க்கு அவை தாராளம்.

இரண்டாவது தொல்லை மின்சாரம் எடுப்பது. நாலே சக்கரம், குட்டை அச்சு இடைவெளி, பாரமில்லாத பிளாஸ்ரிக் உடல். இதில் ஒரு சக்கரத்தடியில் தூசு இருந்தாலே எஞ்சின் நின்றுவிடும். சேணத் தாங்கிக்குள் ஈயத் துண்டுகளை அடைத்து, பாரத்தின் மையம் இரு அச்சுகளுக்கும் நடுவே விழுகிறதா என்று ஒரு பென்சிலின்மேல் வைத்துப் பாருங்கள். முன்னால் சாய்ந்தால் பின்சக்கரம் மின்சாரமும் எடுக்காது, இழுக்கவும் செய்யாது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு வண்டியை நிரந்தரமாகக் கோத்து அதன் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுப்பது பழைய வித்தை, இன்றும் அதுவே நம்பகமானது. பெரிய அளவில் என்றால் தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம்: 3.7 வோல்ற் லித்தியம் பற்றரியும் ரேடியோ ரிசீவரும் தாங்கிக்குள் அடங்கும். கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வீடுகளில் இதை முதல் தெரிவாகவே வைக்கலாம்.

எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடித்தால் மோட்டரைக் குறை சொல்லாதீர்கள். இணைப்புத் தடிகளைக் கழற்றி, சக்கரங்கள் தனியே சுற்றுகின்றனவா பாருங்கள். பிறகு ஒரு பக்கத் தடியை மட்டும் பூட்டி உருட்டுங்கள். அப்போதே பிடித்தால் தடியின் துளை இடைவெளியும் அச்சு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கத்தில் சுத்தமாக ஓடி, இரண்டையும் பூட்டியதும் பிடித்தால் கிராங்குகளின் கோணம் பிழை. இடது வலது கிராங்க் சரியாக 90 பாகையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 88 ஆனாலும் ஓடும், ஆனால் எல்லா அச்சிலும் அதே 88 ஆக இருக்க வேண்டும். துளையைப் பெருப்பித்துச் சமாளிப்பது கடைசி வழி. அதிகம் பெருத்தால் 0-4-0 நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தடிகள் எதிரெதிராக மடங்கிப் பூட்டிக்கொள்ளும்.

பிரிண்ட் உடல் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக்கில் என்றால், 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே அது இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணிநேரம் விட்டால் தாங்கி வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். ரெசின் பிரிண்ட் சூட்டைச் சற்றுத் தாங்கும், ஆனால் வெயிலில் நொறுங்கும். பெயின்ற் அடித்தே வைக்க வேண்டும். தளப் பலகைக்கு எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) வேண்டாம், மழைக்காலத்தில் ஊதும். தண்ணீருக்குத் தாங்கும் ஒட்டுப்பலகையே நல்லது, கறையான் மருந்து அடித்து. இரும்புத் தண்டவாளம் மலிவு என்று வாங்கினால் கடற்காற்றில் துரு ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் நிக்கல் சில்வர், வெளியே பித்தளை.

உண்மை நீராவியைப் பற்றி. 1:76லோ 1:87லோ இதை மறந்துவிடுங்கள். 32 மி.மீ. பாதையில் இது நன்றாக வரும். வழமையான சிறு எஞ்சின் செம்புக் கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அழுத்தத்தில், வாயு அடுப்பில் ஓடும். ஒரு நிரப்பலுக்கு இருபது நிமிடம் அளவில். வெளிநாட்டுக் கையேடுகளை வாசித்துவிட்டு இங்கே ஓட்டுபவர்கள் முதலில் இடறுவது வாயுவில். குளிர்நாட்டில் பியூட்டேன் ஆவியாக மறுக்கும், அதனால் 30 வீதம் புரொப்பேன் கலந்ததை வாங்கச் சொல்வார்கள். கொழும்பின் 30 பாகையில் சுத்தப் பியூட்டேனே வளிமண்டலத்துக்கு மேல் 1.8 பார் அழுத்தம் தரும், அடுப்புக்கு அது தாராளம். கலவை வாயு அதே வெப்பத்தில் அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். விளைவு, சுவாலை அடுப்பை விட்டு எழும்பி ஊளையிடும், புகைப்பெட்டிக்குள் எரியும், பெயின்ற் பொரியும். பியூட்டேன் மட்டும் போடுங்கள். வாயுத் தாங்கி கொதிகலனுக்குப் பக்கத்தில் கூண்டுக்குள் இருக்கும். வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு நிரப்பாதீர்கள். நிரப்புவது எப்போதும் வெளியே, பக்கத்தில் எந்த நெருப்பும் இல்லாமல். மாடிவீட்டு பல்கனியில் அதைச் செய்யவே வேண்டாம். பியூட்டேன் காற்றைவிடப் பாரம், கீழ்வீட்டு ஜன்னலுக்குள் இறங்கும்.

தண்ணீருக்கு, பற்றரிக்கு விற்கும் வடித்த நீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து விடுவதைப் பலர் கைக்கொள்கிறார்கள், முற்றிலும் தூய நீர் பித்தளைப் பாகங்களை அரிக்கும் என்ற கவலையால். சுத்தமாகப் பிடித்த மழைநீரும் ஆகும். ஊருக்குக் கொண்டுபோய் ஓட்டினால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை விடாதீர்கள். சுண்ணாம்பு கொதிகலனுக்குள் படியும், பாதுகாப்பு வால்வின் இருக்கையிலும் படியும். பிந்தியதுதான் ஆபத்து. கொதிகலனை முழுக்க நிரப்பாமல் ஐந்தில் நாலு பங்கோடு நிறுத்துங்கள். மேலே நீராவிக்கு இடமில்லையென்றால் தண்ணீரே சிலிண்டருக்குள் போகும், புகைபோக்கி வெந்நீரைத் துப்பும்.

சிலிண்டருக்கு எண்ணெய் போவது ஒரு சிறு குப்பியிலிருந்து. நீராவி அதற்குள் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் அந்த அளவு வெளியேறும். இதில் மோட்டார் சைக்கிள் எண்ணெயை விட்டால் தண்ணீரோடு கலந்து தயிராகிவிடும். 460 தரத் தடித்த நீராவி எண்ணெய்தான் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் குப்பியின் தண்ணீரை வடித்து எண்ணெயை நிரப்புங்கள். ஓடி முடிந்த எஞ்சினின் புகைபோக்கி விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லையென்றால் குப்பி வேலை செய்யவில்லை.

கொதிகலனை நீங்களே கட்டுவதாக இருந்தால் செம்புக் குழாயும் வெள்ளிப் பற்றாசும் மட்டுமே. ஈயப் பற்றாசு அழுத்தத்தையும் சூட்டையும் ஒன்றாகத் தாங்காது. தண்ணீர் வற்றிய ஒரு தடவையில் இணைப்பு விட்டுப்போகும். செட்டியார் தெருப் பக்கத்துப் பொற்கொல்லர் சாமான் கடைகளில் வெண்காரம், நுண்ணிய அரம், இழைவாள் எல்லாம் கிடைக்கும். பற்றாசை மட்டும் வெள்ளி வீதம் கேட்டு வாங்குங்கள்: 45 முதல் 55 வரை, கட்மியம் இல்லாதது. குளிர்சாதனம் திருத்துபவர்கள் பாவிக்கும் கம்பி பார்க்க அதேபோல் இருக்கும், விலையும் குறைவு. அதில் பொஸ்பரஸ் கலந்திருக்கும், கரியின் கந்தகம் அந்த இணைப்பைத் தின்னும். கரியில் எரிக்கும் கொதிகலனுக்கு அது கூடவே கூடாது. பித்தளைக் குழாயில் கொதிகலன் செய்யும் யோசனையையும் விடுங்கள், காலப்போக்கில் துத்தநாகம் கரைந்து உள்ளே பஞ்சாகும்.

கட்டியதும் நெருப்பு மூட்டுமுன் தண்ணீர்ச் சோதனை. காற்றுக் குமிழே இல்லாமல் நிரப்பி, கைப்பம்பால் ஓட்ட அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கு, இங்கே 80 இறாத்தலுக்கு ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். காற்றை அடைத்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். தண்ணீரென்றால் வெடிப்பு விழுந்ததும் அழுத்தம் உடனே இறங்கிவிடும், காற்றென்றால் துண்டுகள் பறக்கும். பிறகு வருடாவருடம் ஒன்றரை மடங்கு போதும். பிஸ்டனுக்கும் தடிகளுக்கும் போடும் 'ஓ' வளையங்களைப் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் எடுக்கலாம், ஆனால் சாதாரண நைற்றைல் இறப்பர் வேண்டாம். 40 இறாத்தல் நீராவியின் வெப்பம் 140 பாகையைத் தாண்டும், அது இறுகி வெடித்துவிடும். வைட்டன் அல்லது சிலிக்கோன் என்று கேளுங்கள். அளவைச் சொல்லாமல் பழைய வளையத்தைக் கையில் கொண்டுபோனால் கடைக்காரரே அலுமாரியைத் திறப்பார்.